மெதுவாகிப்போன மடிக்கணினி: வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொண்ட செயலியின் கதை



2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்ததும், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே படிக்க வேண்டியவர்களாயினர். என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். நான் வினா எழுப்பி, மற்றவர்கள் விடையளித்து, அடுத்த பக்கத்திற்குச் சென்ற பிறகே அவனது குரல் வரும். சில நாள்களில் முகம் தோன்றும், குரல் வராது. ஒப்படைக்க வேண்டிய பயிற்சிகள் இரவு பத்து மணிக்குமேல் வந்து சேரும். தோட்டத்தில் அலைபேசி அலை குறைவுதான். ஆயினும் அதே வரிசை வீடுகளில் இருந்த மற்ற இரு பிள்ளைகள் குறித்த நேரத்தில் வந்துவிடுகிறார்களே! ஆகவே என் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘அக்கறை போதவில்லை’ என்று எழுதினேன்.

அவ்வாண்டு சூலை 15-ஆம் நாள் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பள்ளி திறந்தது. முதல் வாரத்திலேயே அவனுடைய தந்தை ஒரு துணிப்பையுடன் வந்தார். “சார், இத வச்சி இனிமே ஒன்னும் ஓட்ட முடியாதாம். கடையில பார்த்துட்டு, பழசாப் போச்சு, புதுசு வாங்குங்கன்னுட்டாங்க. ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்குக் கடன் கேட்டிருக்கேன். அதுக்கு முன்னால நீங்க ஒரு தடவ பார்த்துடுங்க” என்றார்.

ஈப்போவில் கல்லூரிப் படிப்பை முடித்த உறவுக்காரப் பிள்ளை கொடுத்த மடிக்கணினி அது. நான் அதைத் திறந்து, ‘டாஸ்க் மேனேஜர்’ பலகையில் செயலியின் பக்கத்தைப் பார்த்தேன். செயலியின் அடிப்படை வேகம் 2.30 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தது. அப்போதைய வேகம் 0.78 என்றிருந்தது. இதில் மட்டும் வியப்பில்லை. வேலையில்லாத செயலி வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓய்வாக இருப்பது இயல்பு. ஆனால் நான் ஒரு காணொளியை ஓடவிட்டு, கூடவே நான்கைந்து பக்கங்களைத் திறந்த பின்னும் அந்த எண் 0.78-லேயே நின்றது. மேலே போக முயலவே இல்லை. முதுமையால் தளர்ந்த செயலி இப்படி ஓரிடத்தில் ஆணியடித்தாற்போல் நிற்காது. யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்!

யார் பிடித்தது, ஏன் பிடித்தது என்பதை அறிய, செயலி வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொண்ட வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது உதவும்.

செயலி ஒரு துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் இதனைக் ‘கிளாக்’ என்பர். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினியின் செயலி நொடிக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் முறை துடித்தது; அதாவது 4.77 மெகாஹெர்ட்ஸ். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே துடிப்புத்தான். பின்னர் வேகமான கணினிகள் வந்தபோது, பழைய துடிப்பைக் கணக்கில் வைத்து எழுதப்பட்ட விளையாட்டுகள் கண்மண் தெரியாமல் ஓடத் தொடங்கின. அதற்காகவே பெட்டியின் முகப்பில் ‘டர்போ’ என்றொரு பொத்தானை வைத்தார்கள். பெயரைப் பார்த்து அது வேகத்தைக் கூட்டும் என்று நாம் நினைத்தோம். உண்மையில் அதன் பயன் வேகத்தைக் குறைப்பதுதான். எண்பதுகளின் இறுதியில் கணினி பழகியவர்களுக்கு இது நினைவிருக்கும்.

மின்கலத்தில் ஓடும் மடிக்கணினிகள் பரவிய பிறகு, மெதுவாகச் செல்வதற்கு வேறொரு காரணம் பிறந்தது. 1990-இல் இன்டெல் வெளியிட்ட 386எஸ்.எல். என்னும் செயலி மடிக்கணினிக்கென்றே மின்சிக்கன ஏற்பாடுகளுடன் வந்தது. 1992-இல் இன்டெல், மைக்ரோசாப்ட் இரண்டும் சேர்ந்து ஏ.பி.எம். என்ற மின்மேலாண்மை முறையை வகுத்தன; 1996-இல் தோஷிபாவும் இவற்றுடன் சேர, ஏ.சி.பி.ஐ. என்ற முறை வந்தது. இன்றைய மடிக்கணினிகளும் இதன் வழியில்தான் நடக்கின்றன.

ஆயினும் இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 1994. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் மார்க் வைசரும் அவருடைய தோழர்களும் அவ்வாண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். ஒரு வேலையை விரைந்து முடித்துவிட்டுச் சும்மா இருப்பதைவிட, கெடு முடியும்வரை மெதுவாகச் செய்தால் மின்சாரம் மிச்சமாகும் என்பது அதன் சாரம். நாம் முதலாம் ஆண்டில் சொல்லிக்கொடுக்கும் ஆமை முயல் கதைதான்! ஆனால் இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. செயலி உண்ணும் மின்திறன், துடிப்பின் வேகத்துடன் நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துடன் நேர்விகிதத்திலும் கூடும். துடிப்பைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம். எனவே சேமிப்பு இரு வழியிலும் வருகிறது.

இக்கணக்கை விற்பனைக்கு வந்த ஒரு செயலியிலேயே பார்க்கலாம். 2000-ஆம் ஆண்டு சனவரியில் இன்டெல் ‘ஸ்பீட்ஸ்டெப்’ என்னும் பெயரில் மடிக்கணினிக்கான பென்டியம் 3 செயலியை வெளியிட்டது. சுவரில் மின்னிணைப்புக் கொடுத்திருந்தால் 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட், இணைப்பைப் பிடுங்கினால் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். வேகம் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைகிறது. மின்திறனோ, சூத்திரத்தின்படி, 45 விழுக்காடு குறைகிறது! ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விழுக்காட்டுக் கணக்கு கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை வகுப்பில் போட்டுக் காட்டலாம். ஏறத்தாழ அதே நாள்களில் டிரான்ஸ்மெட்டா என்ற சிறு நிறுவனம் ‘லாங்ரன்’ என்ற முறையையும், அவ்வாண்டிலேயே ஏ.எம்.டி. நிறுவனம் ‘பவர்நவ்’ என்ற முறையையும் கொண்டு வந்தன. 2003 மார்ச்சில் வந்த பென்டியம் எம் செயலி இதில் பெரிய பாய்ச்சல். 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் 24.5 வாட் வரை உண்ணும் அது, 600 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும்போது 6 வாட்டுடன் நிறைவடைந்தது. இடையில் பல படிகளும் இருந்தன.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில்தான் தொடங்கியது. அக்காலச் செயலிகள் பலவற்றின் முதுகில் ‘மலாய்’ என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கும். இங்கே பொருத்திச் சோதிக்கப்பட்டவை என்பது அதன் பொருள். மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர்களின் பிள்ளைகள், சில்லு பொருத்தும் ஆலைகளுக்கு வேலை தேடி இறங்கிய காலமும் அதுவே.

அதே 2003-ஆம் ஆண்டு நம் பள்ளிகளுக்கும் முக்கியமானது. கணிதம், அறிவியல் பாடங்களை ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் அவ்வாண்டு முதலாம் ஆண்டு வகுப்புகளில் தொடங்கியது. அத்திட்டத்தின் சரி தவறுகளைப் பற்றி இங்குப் பேசப்போவதில்லை (பேசத் தொடங்கினால் இக்கட்டுரை முடியாது). ஆனால் அப்பாட ஆசிரியர்கள் கைக்கு மடிக்கணினியும் வகுப்பறைக்கு ஒளிவீச்சியும் அதன்வழியேதான் வந்தன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பலர் முதன்முதலாகத் தொட்ட மடிக்கணினி அதுவே. ஆசிரியர் அறையில் செருகியிருக்கும்போது ஒழுங்காக ஓடிய பாடக்குறுந்தட்டு, வகுப்பறைக்குத் தூக்கிச் சென்று மின்கலத்தில் ஓட்டினால் விட்டுவிட்டு ஓடும். ‘கணினி பழுது’ என்று எழுதி வைத்தவர்கள் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியில் செயலியின் வேகத்தை நேராக மாற்றும் அமைப்பு கட்டுப்பாட்டுப் பலகையில் இல்லை; மின்திட்டத்தின் பெயருக்குள் அது மறைந்திருந்தது. மின்கலத்தை அதிகபட்சம் காக்கும் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர், செயலியைத் தாழ்ந்த வேகத்திற்கு இறக்கிவிட்டதை அறியமாட்டார். 2007-இல் விஸ்டா வந்த பிறகுதான், செயலி எவ்வளவுக்குக் கீழே இறங்கலாம், எவ்வளவுக்கு மேலே ஏறலாம் என்று விழுக்காட்டில் எழுதும் இடம் கிடைத்தது. அந்த ‘மேல் எல்லை’ 100 என்று இருக்கிறதா எனப் பார்ப்பது இன்றும் நல்ல பழக்கம். அந்த மாணவனின் கணினியில் அது 100-ஆகவே இருந்தது. ஆகவே பிடித்தது மின்திட்டம் அன்று.

அடுத்த ஐயம் வெப்பம்.

செயலி மெதுவாவதற்கு இது வேறொரு பாதை. 2001-இல் ‘டாம்ஸ் ஹார்ட்வேர்’ என்ற தளம் ஒரு காணொளியை வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளின் மேலிருந்த வெப்பநீக்கியை அப்படியே எடுத்துவிட்டார்கள். ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லான் செயலி சில நொடிகளில் புகைந்து மாண்டது. பென்டியம் 4 நிற்கவில்லை. துடிப்பை விட்டுவிட்டுத் தந்து, தவழ்ந்து தவழ்ந்து ஓடியது. வெப்பநீக்கியைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்திற்கு வந்தது. ஆங்கிலத்தில் இதைத்தான் ‘திராட்லிங்’ என்கிறார்கள். குரல்வளையைப் பிடித்தல் என்ற பொருளில் பிறந்த சொல். உண்மையில் அது உயிரைக் காப்பாற்றும் பிடி. அத்லான் செயலிக்கு அக்கணினியில் அப்படிப் பிடிக்க ஆளில்லை.

வெப்பத்தை எண்ணும்போதெல்லாம் என் கண் தேயிலை ஆலையின் பக்கம் போகும். வட அயர்லாந்துக்காரரான சாமுவேல் டேவிட்சன் 1864-இல் அசாமின் கச்சார் பகுதிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். கரி அடுப்பின்மேல் இலையைக் காய வைப்பதைக் கண்டு, சூடான காற்றைச் செலுத்திக் காய வைக்கும் இயந்திரத்தைச் செய்தார். பாலைவனக் காற்றின் பெயரால் அதற்குச் ‘சிராக்கோ’ என்று பெயரிட்டு, 1881-இல் பெல்பாஸ்டில் ஆலை நிறுவினார். காற்றை இன்னும் வலுவாகத் தள்ளவேண்டியிருந்ததால், 1898-ஆம் ஆண்டு வாக்கில் புதுவகை விசிறி ஒன்றை உருவாக்கினார். உருளையின் விளிம்பில் நெருக்கமாக அமைந்த, முன்னோக்கி வளைந்த சிறு இதழ்கள். நடுவில் காற்றை இழுத்துப் பக்கவாட்டில் வீசும். உங்கள் மடிக்கணினியைப் பழுதுபார்ப்பவர் திறக்கும்போது உள்ளே பாருங்கள். நடுவில் இழுத்துப் பக்கத்துத் துளைவழி வெளியே தள்ளும் அந்தச் சிறு விசிறி, டேவிட்சனின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஜே. ஏ. ரசல் 1929-இல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்குவதற்கு ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன்பே, தேயிலைக்காகப் பிறந்துவிட்ட விசிறி!

‘நம் மலையில் குளிர்தானே, கணினிக்கு ஏன் சூடு?’ என்று பெற்றோர் கேட்பதுண்டு. குளிர் உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. விசிறி தள்ளும் காற்றும் அந்த அளவு மெலிந்ததே. அத்துடன், குளிருக்குப் பிள்ளைகள் போர்வைக்குள் அமர்ந்து மடியில் கணினியை வைத்துக்கொள்கிறார்கள். போர்வை காற்றுவழியை அடைத்துவிடுகிறது. பஞ்சு உள்ளே போய் இதழ்களுக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே படிகிறது. ஆக, குளிரூரிலும் சூடேறும்.

ஆனால் அன்று அக்கணினி கையில் சில்லென்றிருந்தது. விசிறியும் ஓசையின்றிச் சுழன்றது. வெப்பமும் அன்று.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது. நானும் அன்று சற்றுத் திண்டாடினேன். மடிக்கணினிக்குள் ‘சூடாகிவிட்டது’ என்று அறிவிக்கும் ஒரு கம்பி உண்டு, ‘பிராக்ஹாட்’ என்பார்கள். செயலி தானே அதில் அறிவிக்கலாம்; தாய்ப்பலகையும் அறிவிக்கலாம். தாய்ப்பலகை அறிவித்தால், செயலி உண்மையில் குளிர்ந்திருந்தாலும் கேள்வி கேட்காமல் அடிமட்ட வேகத்திற்கு இறங்கிவிடும். தாய்ப்பலகை எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? மின்சாரம் போதுமா என்ற ஐயத்தில்தான். சில மடிக்கணினிகள் தமக்கு வரும் மின்னிணைப்பி எத்தனை வாட் கொடுக்கும் என்பதை, செருகியின் நடுவிலுள்ள மெல்லிய ஊசிவழியே கேட்டறிகின்றன. விடை வரவில்லையெனில் ‘இதை நம்ப முடியாது’ என்று மின்கலத்தை ஏற்றுவதை நிறுத்துகின்றன. செயலியையும் பிடித்து வைக்கின்றன. சிலவற்றில் மின்கலம் கழற்றப்பட்டாலோ செத்துப்போனாலோ இதே கதிதான். செயலி திடீரென்று கேட்கும் கூடுதல் மின்சாரத்தை இணைப்பி மட்டும் தாங்காது என்ற அச்சம்.

இவ்வகைப் பிடி கணினியில் மட்டுமில்லை. 2017 திசம்பரில் ஆப்பிள் நிறுவனம், மின்கலம் தளர்ந்த ஐபோன்கள் திடீரென அணைந்துபோகாதிருக்க அவற்றின் வேகத்தைத் தான் குறைத்ததை ஒப்புக்கொண்டது. காரணம் நியாயமானதே, சொல்லாமல் செய்ததுதான் பிழை. புதுத் தொலைபேசி வாங்கியவர்கள் எத்தனையோ பேர், மின்கலத்தை மட்டும் மாற்றியிருந்தால் போதும் என்று பிறகு அறிந்து கொதித்தனர். மின்கல மாற்றுக் கட்டணத்தை ஆப்பிள் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது; வழக்கு 2020 மார்ச்சில், 50 கோடி டாலர் வரை கொடுக்கும் உடன்பாட்டில் வந்து நின்றது.

நான் அந்தத் தந்தையிடம், “பேட்டரி ஏறுதுங்களா?” என்று கேட்டேன்.

“அது வேற ரிப்பேருங்க சார். ஏறி ரொம்ப நாளாச்சு. செருகியே வச்சிருந்தா ஓடும்.”

“இந்தச் சார்ஜர் கூடவே வந்ததா?”

“பழசு வயரு அறுந்து போச்சு. இது முப்பத்தஞ்சு வெள்ளிக்கு வாங்குனது. அதே மாதிரிதானுங்களே இருக்கு?”

பார்வைக்கு அதேதான். உருண்டைச் செருகி, அதே அளவு, அதே வோல்ட். எப்போது வாங்கினார் என்று கேட்டேன். பிப்ரவரியில், சீனப் பெருநாள் முடிந்த பிறகு என்றார். வகுப்பு இணையத்திற்கு மாறுவதற்கு ஒரு மாதம் முன்பு! பையன் அதற்குமுன் அக்கணினியில் படம் மட்டுமே பார்த்ததால் மெதுவானதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் அதே வகை மடிக்கணினி இருந்தது. அவருடைய மின்னிணைப்பியைக் கேட்டு வாங்கிச் செருகினோம். மின்கல விளக்கு எரிந்தது. 0.78 என்றிருந்த எண் 1.9 ஆயிற்று, பிறகு 2.6-க்குத் தாவியது. அடிப்படை 2.3 என்றிருக்க, எப்படி 2.6? 2008-இல் இன்டெல் கொண்டு வந்த ‘டர்போ பூஸ்ட்’ என்னும் ஏற்பாடு அது. சூடும் மின்சாரமும் இடங்கொடுத்தால் செயலி சிறிது நேரம் எல்லை தாண்டி ஓடும். பழைய டர்போ பொத்தானுக்கு ஒருவழியாகப் பெயர்ப்பொருத்தம் வந்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னாளில் வந்த செயலிகள் ஆழ்ந்து உறங்கக் கற்றுக்கொண்டன. உறங்கும்போது அவை ஏறத்தாழ எதையும் உண்பதில்லை. அதனால் பல வேலைகளில், விரைந்து முடித்துவிட்டு உறங்குவதே சிக்கனம் என்று கணக்கு மாறியது. 1994-இல் வென்ற ஆமையைப் பின்னாளில் முயல் தூங்கியே வென்றுவிட்டது!

தந்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்ப இது பழசு இல்லீங்களா?” என்றார். பழசுதான், ஆனால் இன்னும் ஓடும் என்றேன். பொருத்தமான மின்னிணைப்பியை வரவழைக்க 90 வெள்ளியானது. மின்கலம் ஐந்தாறு ஆண்டுப் பழையது என்பதால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. அது உப்பவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொண்டேன். உப்பிய மின்கலம் எந்த வேகத்திற்காகவும் வீட்டில் வைத்திருக்கத் தக்கதன்று. அவர் கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகப் பிறகு சொன்னார்.

குறிப்பேட்டில் எழுதிய அவ்வரியை அன்று மாலை அடித்தேன். மார்ச்சு முதல் சூன் வரை அவன் ‘தாமதம்’ என்று நான் போட்ட குறிகள் முப்பத்தொன்று. தவற்றைப் பையனிடம் நேரில் சொன்னேன். அவன், “பரவாயில்ல சார்” என்று சொல்லிவிட்டு, அந்த எண்ணை எங்கே பார்ப்பது என்று மட்டும் கேட்டான். காட்டிக் கொடுத்தேன்.

அவ்வாண்டு நவம்பரில் பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டன. இரண்டாம் வாரம் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது, திரையில் 1.1 என்றிருந்தது. கீழே, ‘சார், சார்ஜர் அதேதான், பேட்டரி ஏறுது, ஃபேன் சத்தம் போடுது, அடியில சூடு. போர்வையில வச்சிருந்தேன்’ என்று எழுதியிருந்தான். நான் பதில் எழுதி முடிப்பதற்குள், தந்தையும் அவனும் திருகாணிகளைக் கழற்றி விசிறியிலிருந்து எடுத்த பஞ்சுத் திரளின் படமும் வந்துவிட்டது.